தொப்பிக்கு யாரும் டிக்கெட் எடுக்க மாட்டாங்க

கொழிஞ்சாம்பாறை

மாப்ளே,

பதில் போடாததுக்குத் திட்டறதை நேர்ல வந்து திட்டு. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி, தென்னைக்கு வெள்ளை ஈ, மொட்டைக்கு மறுபடியும் பெண் பார்க்கிறாங்க. போதுமில்ல?

உன் சினிமா ஸ்கிரிப்டைப் படிச்சேன். 1975, வேலந்தாவளம் எல்லை. அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, இந்தப் பக்கம் கேரளாவில் பனைக்குப் பனை கள்ளு, நடுவில் பழி தீர்க்க வர்ற ஒருத்தன். குதிரைக்குப் பதிலா ரேக்ளா மாட்டைப் பூட்டினே பாரு, அங்கே தனியா உட்கார்ந்து கை தட்டினேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டுப் போனா.

கடைசிப் பக்கம்தான் கெடுத்துது. 'இலக்குப் பார்வையாளர்கள்: 15 முதல் 60 வயது வரை அனைவரும்.' அப்போ விட்டுப்போனது எங்கம்மாவும் மொட்டையோட அக்கா பேத்தியும் மட்டும்தானா? தயாரிப்பாளர் இதைப் படிச்சா டீ வர்றதுக்குள்ள உன்னை அனுப்பி வெச்சிருவார்.

பக்கத்துக்குப் பக்கம் 'வெஸ்டர்ன்'னு எழுதியிருக்கே, அதான் குதிரை, துப்பாக்கி, தொப்பின்னு வர்ற கௌபாய் படம். அந்தப் பேருக்காக டிக்கெட் எடுக்கறவன் யாரு? நீ, நான், மொட்டை. வாடகை நூலகத்தில் லயன் காமிக்ஸுக்கு அடிச்சுக்கிட்ட வகையறா. 1948இல் இத்தாலியில் பிறந்த கௌபாய் காமிக்ஸ் ஹீரோ டெக்ஸ் வில்லர், சிவகாசி வழியா வந்து நம்ம கணக்கு நோட்டுக்குள்ள குடியேறினான். அந்தப் பசங்களுக்கு இப்போ நாற்பதும் ஐம்பதும். முதல் நாளே வருவாங்க, மகனையும் இழுத்துட்டு வருவாங்க. ஆனா எத்தனை பேர்? கோயமுத்தூர் மாதிரி ஊர்ல வார இறுதிக் காட்சி நிறையும். திங்கட்கிழமை ஆபரேட்டரும் நீயும்தான்.

மத்தவங்க வேற எதுக்கோ வரணும். 'ஷோலே'வை எடுத்துக்கோ. 1975இல் வந்தப்ப ஆரம்பத்தில் சுமாராத்தான் போச்சு. அப்புறம் பம்பாய் மினர்வாவில் அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. ராமநகரப் பாறையைப் பார்க்கவா திரும்பத் திரும்பப் போனாங்க? அந்த ரெண்டு கூட்டாளிகளுக்காகப் போனாங்க, வில்லன் கப்பர் சிங்குக்காகப் போனாங்க. வசனத்தையே ரிக்கார்டா போட்டு வித்தாங்களே! தெலுங்கில் 1971லேயே கிருஷ்ணா தொப்பி போட்டு 'மோசகாள்ளகு மோசகாடு' பண்ணிட்டார். அடுத்த வருஷம் நமக்குக் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கரோட 'கங்கா'. டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்திருந்தவங்களுக்கு இது என்ன வகைப் படம்னு யாரும் பாடம் எடுக்கலை. சவாரி, சண்டை, பழி. அது புரிஞ்சுது, உட்கார்ந்தாங்க.

2023இல் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' பார்த்தப்ப ஹாலிவுட் கௌபாய் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் பேருக்கு விசிலடிச்சது நான் ஒருத்தன். எனக்கு முன் வரிசையில இருந்த பொம்பளைங்க காட்டு ஜனங்களுக்காக அழுதுட்டிருந்தாங்க. வெளியே போய் நாலு பேர்கிட்டச் சொன்னது அவங்களாத்தான் இருக்கும். நான் யார்கிட்டச் சொன்னேன், உன்கிட்ட மட்டும்.

நீயோ பொம்பளைங்களைக் கணக்கிலேயே எடுக்கலை. புருஷன் கள்ளுக்கடையில் அடகு வெச்ச நிலப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்டு ஒருத்தி வர்றாளே, நாலாவது சீன்ல, அப்புறம் காணாமலே போயிடறா. அவளைக் கடைசி வரைக்கும் கொண்டு வா. அந்தக் கதை எங்க தெருவுல பாதி வீட்டுக்குத் தெரியும். ஹீரோ யாருக்காகச் சுடறான்னு அப்பதான் எனக்கும் விளங்கும். செலவைக் காமிக்ஸ் கூட்டத்துக்கு அளந்து போடு, போஸ்டரை இவளை நம்பி ஒட்டு. போஸ்டர்ல தொப்பி மட்டும் வேண்டாம்டா.

இனிக் கொஞ்சம் விளையாட்டை விட்டுட்டுப் படி. தங்கச்சி போன் பண்ணினா. பொள்ளாச்சித் தோப்பை அடமானம் வெக்கப் போறியாமே. 1980இல் 'ஹெவன்ஸ் கேட்'னு ஒரு வெஸ்டர்ன் வந்துது. 4 கோடியே 40 லட்சம் டாலர் செலவு. அமெரிக்காவில் வசூல் 40 லட்சத்தைக்கூடத் தொடலை. அடுத்த வருஷமே அதை எடுத்த யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனி கைமாறிடுச்சு. அவங்களுக்கு விக்க ஒரு கம்பெனி இருந்துது. உனக்கு இருக்கறது உங்கப்பா கிணறு வெட்டின அந்தத் தோப்பு ஒண்ணுதான். நீ அதை வெச்சா நான் தடுக்க முடியாது, ஆனா தூங்கவும் முடியாது.

அதனால பத்திரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இங்க வா. கள்ளு ஷாப்புக்காரங்க, தறிக்காரங்க, பால் சொசைட்டிப் பொம்பளைங்க, டியூஷன் பசங்கன்னு நாலு கூட்டத்தைச் சேர்த்து வைக்கிறேன். காகிதம் கையில வெச்சுக்காம கதையை வாயால சொல்லு. எங்க பீடி பத்த வைக்கிறாங்க, எங்க போனை எடுக்கறாங்கன்னு நான் மூலையில நின்னு குறிச்சுக்கறேன். 15 முதல் 60ங்கற வரியை அப்புறம் நாம சேர்ந்து திருத்தலாம்.

அந்த மலையாளப் போலீஸ்காரனை இடைவேளைக்கு முன்னாடி கொன்னுடாதே. இங்க தியேட்டர்ல பாதி ஜனம் அவன் கட்சி.

உன்,
குண்டன்