எத்தனை டிக்கெட்?

தம்பி,

போனில் பேச ஆரம்பித்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறீர்களா என்று கேட்டதற்கு "பார்க்கலாம்மா, நான் வர்றேன்" என்றாய். நான் என்றால் எத்தனை பேர்? டிக்கெட்டுக்காகத்தான் கேட்கிறேன், வேறு ஒன்றுமில்லை.

முன்பு மாதிரி நாலு மாதத்துக்கு முன்னால் எடுத்துவைக்க முடியாது. இப்போது 60 நாள்தான், காலை 8 மணிக்குத் திறந்ததும் போட்டுவிட வேண்டும். தூத்துக்குடி வண்டியில் ராத்திரி ஏறினால் காலையில் மதுரை. தட்கலை நம்பி இருக்காதே, ஊரே கிளம்புகிற நேரம் அது.

லீவு எழுதிக்கொடுக்கும் முன்னால் தேதியைப் பார்த்துக்கொள். 2024இல் மீனாட்சி கல்யாணம் ஏப்ரல் 21, தேர் 22, அழகர் ஆற்றில் இறங்கியது 23. மூன்று நாள் லீவில் மூன்றையும் பார்த்துவிடலாம். 2025இல் கல்யாணம் மே 8, அழகர் ஆற்றில் இறங்கியது மே 12. நடுவில் இடைவெளி. அப்படி விழுந்தால் எதாவது ஒன்றைத்தான் பிடிக்க முடியும். பாப்பாவுக்காக என்றால் ஆறுதான். அவள் பிறந்த 2021இல் கொரோனாவால் அழகர் மலையை விட்டே இறங்கவில்லை, அதற்கப்புறமும் நீ கூட்டிக்கொண்டு வரவில்லை. தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலையைச் சாத்திக்கொண்டு தங்கக்குதிரையில் வருகிறவரை அவள் டிவியில்தான் பார்த்திருக்கிறாள். அழகர் என்ன கலர் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குவார் என்று போனில் அவளேதான் கேட்டாள். பச்சை என்றேன், எதை நம்பிச் சொன்னேனோ.

கல்யாணத்துக்கும் வர முடிந்தால் நல்லது. அன்றைக்குத்தான் பொம்பளைகள் எல்லாரும் தாலிக்கயிறு மாற்றுவார்கள். மருமகளுக்கு மஞ்சள் கயிறு வாங்கிவைத்திருக்கிறேன். எனக்கு இனி வேண்டியதில்லை, அவளுக்கு மட்டும்தான். பொங்கலுக்கு நீ தனியாக வந்து ஒன்றரை நாள் இருந்துவிட்டுப் போனாய், அவளுக்கு வேலை என்றாய். சரி, வேலைதான். மாசம் மூன்றாகிறது, அவள் குரலைக் கேட்டு.

ஆபீஸில் நூறு பேரை மைசூருக்குக் கூட்டிப் போய் ஒரு குறை இல்லாமல் திரும்பக் கொண்டு வந்து சேர்த்தாய் என்று பக்கத்து வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். நூறு பேருக்கு பஸ், ரூம், சாப்பாடு எல்லாம் பார்க்கத் தெரிந்தவனுக்கு மூன்று பேரை ஒரு ரயிலில் ஏற்றத் தெரியாதா? டிக்கெட்டை சீக்கிரம் எடு.

செல்லூர் அத்தை வீட்டு மாடியிலேயே தங்கிக்கொள்ளலாம், ஆற்றுக்கு நடக்கிற தூரம். லாட்ஜ் எல்லாம் அந்த வாரம் யானை விலை. நடுராத்திரியே கிளம்பினால்தான் விடியும்போது பக்கத்தில் நிற்கலாம். நகை வேண்டாம். தண்ணீர் பீய்ச்சுவார்கள், போனைக் கவரில் போட்டுக்கொள். பாப்பாவின் சட்டைப்பையில் உங்கள் இரண்டு பேர் நம்பரும் எழுதி வை. இரண்டு பேருடையதும்.

பாப்பாவின் கையை விடாதே. "நீ தொலைந்த மாதிரி ஆகிவிடும்" என்று எழுத வந்தேன், எழுத முடியவில்லை. உனக்கு ஆறு வயதில் கோரிப்பாளையத்தில் தொலைந்தாயே, பராக்குப் பார்த்து அம்மா கையை விட்டுவிட்டான் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீயும் அதையே நம்பி உன் கல்யாணத்தில் மேடையிலேயே சொன்னாய். நீ விடவில்லை. அன்றைக்கு எனக்கும் உன் அப்பாவுக்கும் பேச்சு முற்றிவிட்டது, இப்போது யோசித்தால் என்ன காரணம் என்றுகூட நினைவில்லை, பணம்தான் இருக்கும். அத்தனை ஜனத்துக்கு நடுவில் நான் இரண்டு கையையும் நீட்டி நீட்டிப் பேசினேன். அதில் உன் கையை உதறிவிட்டேன். எப்போது உதறினேன் என்று தெரியவில்லை. மைக்கில் உன் பெயரைச் சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நீர்மோர்ப் பந்தலில் ஒரு போலீஸ்காரர் மடியில் உட்கார்ந்து பானகம் குடித்துக்கொண்டிருந்தாய், அழக்கூட இல்லை. உன் அப்பா கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கப்புறமும் நாங்கள் சண்டை போட்டோம், ஆனால் நீ தூங்கின பிறகுதான்.

உங்கள் வீட்டில் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லவும் மாட்டாய்.

மாடியில் எத்தனை பாய் போட என்று அத்தை கேட்டாள். நாலு என்று சொல்லிவிட்டேன், என்னோடு சேர்த்து.

அம்மா