நாணய மோதிரம்: ரசீதில் காசின் விவரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாயைத் துளையிட்டுச் செய்ததாகச் சொல்லப்படும் மோதிரங்கள் இப்போது கண்காட்சிக் கடைகளில் தாராளமாக விற்கப்படுகின்றன. சென்ற மாதம் என் தங்கை மகன் அப்படியொன்றை வாங்கி வந்து, "ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், மாமா" என்று என் உள்ளங்கையில் வைத்தான். மோதிரத்தைச் சுற்றி 'ஒன் ரூப்பி இந்தியா 1918' என்ற ஆங்கில எழுத்துகள் வளைந்து ஓடின. உட்புறம் 925 என்ற முத்திரை, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்ற குறி, இருந்தது. எங்கள் தெருப் பத்தரின் தராசில் 13 கிராமுக்குச் சற்று மேலே காட்டியது.

இந்த மூன்றுமே அது ரூபாயிலிருந்து வந்ததல்ல என்பதற்குச் சாட்சிகள். 1918-ஆம் ஆண்டு ரூபாயின் முழு எடையே 11.66 கிராம்தான் என்பதால், நடுப்பகுதியை வெட்டி எடுத்த பிறகு எடை குறையுமே தவிர, கூடுவதற்கு வழியில்லை. அந்த ரூபாயில் வெள்ளி நூற்றுக்கு 91.7 பங்கு, அதன்மேல் 925 முத்திரைக்கு என்ன வேலை? எழுத்துகளோ இன்னும் பச்சையாகக் காட்டிக்கொடுக்கின்றன. அசல் காசில் மதிப்பும் ஆண்டும் நடுவட்டத்துக்குள் வரிவரியாகவே இருக்கும். அவற்றைச் சுற்றித்தான் பூங்கொடி வரும். துளையிடும்போது முதலில் போவது அந்த நடுவட்டம். மிஞ்சுவது ஒரு பக்கம் பூங்கொடியும் மறுபக்கம் அரசர் பெயர் கொண்ட சுற்றெழுத்தும்தான். ஆகவே, அவன் வாங்கியது அச்சில் வார்த்த சாதாரண மோதிரம்.

பத்தர் உரைத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளி நல்ல வெள்ளிதான்" என்றார். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். வெள்ளி அசலா என்பதும் காசு அசலா என்பதும் வேறு வேறு கேள்விகள். தலைகீழாகவும் நடக்கலாம்: 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது, 1947-ஆம் ஆண்டு ரூபாயோ முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும். அதில் செய்த மோதிரம் அசல் காசு மோதிரமாகவே இருக்கும். ஆனால் அதில் வெள்ளி குன்றிமணி அளவுகூட இராது.

உண்மையாகவே காசைக் காய்ச்சி, துளையிட்டு, கூம்புக் கம்பியில் ஏற்றித் தட்டித் தட்டி மடிக்கும் கைவினைஞர்களும் இருக்கிறார்கள். எழுத்து சிதையாமல் அதை வளைப்பது லேசான வேலையல்ல. அந்த உழைப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. வார்ப்பு மோதிரத்துக்கும் அதே விலை கேட்பதுதான் உறுத்துகிறது. வார்ப்பை வார்ப்பு என்று சொல்லி விற்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. என் மருமகனுக்குக் கிடைத்த ரசீதில் 'ஃபேன்சி மோதிரம் 1' என்று மட்டுமே இருந்தது; நாணயம் என்ற பேச்சு விற்பவரின் வாயோடு நின்றுவிட்டது.

எந்த அரசர் காலத்துக் காசு, எந்த ஆண்டு, மோதிரத்தின் எடை எவ்வளவு என்பதை விற்பவர்கள் ரசீதில் எழுதித் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதோடு, துளையிடும்போது வெட்டி விழுந்த நடுவில்லையையும் மோதிரத்துடன் சேர்த்துக் கொடுக்கட்டும். அரசரின் முகமும் ஆண்டும் அதில்தானே இருக்கின்றன.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.