போட்ல ரேடியோ மாட்டுனா மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

லீவு நாள்ல ஜாலிக்கு போட் எடுத்துட்டு கடலுக்குப் போறவங்க பல பேர் செல்போன் இருக்கே போதும்னு நெனைக்கிறாங்க, ஆனா கரைய விட்டு கொஞ்சம் தள்ளிப் போனா டவர் கெடைக்காது, கெடைச்சாலும் கூப்பிட்ட ஒரு ஆளுக்குத்தான் கேக்கும், போட்ல மாட்டுற விஎச்எஃப் ரேடியோல (பேசவும் கேக்கவும் முடியுற வயர்லெஸ் செட்) ஆபத்துக்கும் கூப்பிடறதுக்கும்னு இருக்குற சேனல் 16ல கூப்பிட்டா பக்கத்துல அந்த சேனல்ல இருக்குற எல்லாருக்கும் கேக்கும்.

எனக்கு ஒரு தடவ இன்ஜின் நின்னுபோச்சு. பதட்டத்துல மைக் பட்டன அமுக்குன வேகத்துல பேசிட்டேன், முதல் வார்த்தையே போகல, அப்புறம் பட்டன விடாம புடிச்சுக்கிட்டே பதில் வரலயேன்னு உக்காந்திருக்கேன், விட்டாத்தானே நமக்கு கேக்கும்! அதுவரைக்கும் மத்தவங்களுக்கும் சேனல் அடைச்சிருக்கும்.

உசுருக்கு ஆபத்துன்னா ‘மேடே’ மூணு தடவ, போட் பேரு, எங்க இருக்கோம், என்ன ஆச்சு, எத்தன பேரு. அவ்ளோ அவசரம் இல்லாததுக்கு ‘பான் பான்’. அப்புறம் ரேடியோல அமுக்குனா தானா ஆபத்து சேதி அனுப்புற அந்த செவப்பு பட்டன், எம்எம்எஸ்ஐங்கிற நம்ம போட்டோட 9 இலக்க அடையாள நம்பர் செட்ல ஏத்தலன்னா அது சும்மா அலங்காரம்தான், ஜிபிஎஸ்ஸோட இணைக்கலன்னா நாம இருக்குற இடமும் தானா போகாது.

சேனல் 16ல ஊர்க்கத பேசுறவங்களுக்கு தனியா ஒரு லெட்டர் எழுதுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்