கணினி அறைப் பொறுப்பாசிரியர்களுக்கு

ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் கணினி பழுதுபார்ப்பவன். போன மாதம் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கணினிகள், எல்லாவற்றிலும் வின்டோஸ் 7, இணையம் பார்க்கும் உலாவி என்று குரோம் மட்டும். ஒரு பிள்ளை குரோமைத் திறந்ததும் முதல் வேலையாக மேலே வந்த பட்டையின் பெருக்கல் குறியை அழுத்தி மூடியது. “அது எப்பவும் வரும் சேர்” என்றது. இனி புதுப்பிப்பு வராது என்ற அறிவிப்புத்தான் அது. வின்டோஸ் 7க்கு வந்த கடைசிக் குரோம் 109ஆம் பதிப்பு. 2023 ஜனவரியோடு சரி. அதற்குப் பிறகு கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகள் எல்லாம் அந்தக் கணினிகளில் அப்படியே திறந்து கிடக்கின்றன.

“அப்போ எட்ஜ், ஒபேரா, பிரேவ் போடலாமா?” என்று அங்கே கேட்டார்கள். ஒரே தேயிலையை வேறு வேறு பக்கற்றில் போட்டு விற்கிற கதைதான். உள்ளே ஓடுவது எல்லாவற்றிலும் குரோமியம், அதாவது குரோமுக்கும் அடிப்படையான அதே மென்பொருள். பயர்பொக்ஸ் மட்டும் வேறு தோட்டத்துக் கொழுந்து. பக்கத்தைத் திரையில் காட்ட அதற்கு கெக்கோ என்ற சொந்த இயந்திரம். குரோம் கைவிட்ட பிறகும் வின்டோஸ் 7க்காக 115ஆம் பதிப்பின் நீண்டகால ஆதரவு வடிவத்தை வைத்துப் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்துவந்தவர்கள் பயர்பொக்ஸ்காரர்கள். அதுவும் நிரந்தரமில்லை. பழைய கணினிக்கு வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டால் இன்றைய பயர்பொக்ஸே ஓடும். இரண்டு ஜிபி ரேம் என்றால் மெதுவாகத்தான் ஓடும், ஒரேயடியாகப் பத்து பக்கம் திறக்கக்கூடாது.

டேட்டா காசு உங்களுக்கே தெரியும். டொங்கிளுக்கு ரீலோட் போட்டுப் பாடம் நடத்தும்போது விளம்பர வீடியோ தானாக ஓடினால் வயிறு எரியும். யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் புதிய குரோமில் இனி வேலை செய்யாது, பயர்பொக்ஸில் செய்கிறது. எனக்கு இதுவே போதுமான காரணம்.

இன்னொன்று. அதே அறையில் ஒரு கணினியில் முந்தைய பிள்ளையின் மின்னஞ்சல் திறந்தபடியே இருந்தது, கடவுச்சொல்லும் சேமித்திருந்தது. பொதுக் கணினியில் எந்த உலாவி என்றாலும் மூடியதும் குக்கிகளை (உள்நுழைந்ததை நினைவில் வைக்கும் சிறு கோப்புகளை) அழிக்கும்படி அமைத்துவிடுங்கள், கடவுச்சொல் சேமிப்பை நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

நன்கொடைக் கணினி வந்தால் வாங்கும்போதே எந்த வின்டோஸ் என்று பாருங்கள். உலாவியை அப்புறம் முடிவுசெய்யலாம்.

இப்படிக்கு,
ஹட்டனில் இருந்து ஒரு பழுதுபார்ப்பவன்