பிராண்டட் சிபியுவை ஓவர்க்ளாக் செய்யலாமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்தக் கோடையில் கடைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, பிராசசரை ஓவர்க்ளாக் பண்ணித் தர முடியுமா?" கவுன்ட்டரில் நின்றபடியே சொல்லி முடிக்கிற பதில் இதற்கு இல்லை. கூட்ட நேரத்தில் சிலரிடம் "வேண்டாம் சார்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டோம். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்பது சரியில்லை என்று பிறகு தோன்றியது. அதனால்தான் இந்த மடல்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குள் எல்லா வேலையும் ஒரு தாளத்துக்கு நடக்கிறது. அதற்கு அடித்தாளம் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 10 கோடித் துடிப்பு. அதைப் பிராசசர் ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்ளும். பெருக்கும் எண் 40 என்றால் வேகம் 4 கிகாஹெர்ட்ஸ். அந்த 40ஐ 45 ஆக்கி, அதற்குத் தாக்குப்பிடிக்கும்படி வோல்ட்டேஜையும் கொஞ்சம் ஏற்றுவதுதான் ஓவர்க்ளாக்.

இந்த ஆசை எங்களுக்குப் புரியாததல்ல. 1998இல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒரு பிராசசர் வந்தது. 66 மெகாஹெர்ட்ஸில் இருந்த பஸ்ஸை (அதன் அடித்தாளத்தை) 100க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450இல் ஓடும். விலை குறைந்த சில்லு, விலை உயர்ந்த பென்டியம் 2க்குப் பக்கத்தில் போய் நிற்கும். முதன்முதலில் திரையில் 450 என்று பார்த்த அந்த ராத்திரி இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் காலத்துச் சில்லுகளில் அவ்வளவு இடம் மிச்சம் இருந்தது.

இப்போது அந்த மிச்சத்தைப் பிராசசரே எடுத்துக்கொள்கிறது. 2008இலிருந்து இன்டெல்லில் டர்போ பூஸ்ட் இருக்கிறது. நம் ஊர் ஆபீஸ்களில் அதிகம் பார்க்கும் ஐ5-12400ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ். வேலை வந்ததும், சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால், யாரும் தொடாமலே 4.4 வரை ஏறும். "இடம் கொடுத்தால்" என்பதை நினைவில் வையுங்கள். மடலின் மீதிப் பாதி அதைப் பற்றித்தான்.

அடுத்து பூட்டு, அதாவது பெருக்கும் எண்ணை மாற்ற முடியாதபடி கம்பெனியே போடும் தடை. 2011இல் வந்த ஐ5-2500கே காலத்திலிருந்து இன்டெல்லில் பெருக்கும் எண்ணைத் தாராளமாக ஏற்ற வேண்டுமென்றால் பெயரின் கடைசியில் 'கே' இருக்க வேண்டும், மதர்போர்டின் சிப்செட்டும் (போர்டை நிர்வகிக்கும் சில்லு) அதற்கு இடம் தர வேண்டும், பெரும்பாலும் 'இசட்' வரிசை. ஏஎம்டி ரைசன் 2017இல் வந்தபோதே பெரும்பாலும் பூட்டில்லாமல்தான் வந்தது. ஆனால் அதிலும் ஏ320 மாதிரி கீழ்நிலைப் போர்டுகளில் வழி கிடையாது. கம்பெனி பெயரோடு ரெடிமேடாக வரும் பிராண்டட் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது எச் அல்லது பி வரிசைப் போர்டு. அதன் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரையில்) போய்த் தேடினால் தேதி, பூட் வரிசை, பாஸ்வேர்டு தாண்டி அதிகம் இருக்காது. பெருக்கும் எண், வோல்ட்டேஜ் என்ற பேச்சே இருக்காது.

போன மாதம் ஒருவர் ஐ7-12700கே போட்ட பிராண்டட் சிபியு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். 'கே' இருக்கிறது, கூடுதல் பணம் கொடுத்துதான் வாங்கியிருக்கிறார். திறந்தால் உள்ளே பி660 போர்டு. சாக்கெட்டைச் சுற்றி மின்சாரத்தைப் பிராசசருக்குப் பக்குவப்படுத்திக் கொடுக்கும் சின்னக் கறுப்புச் சில்லுகள், மேலே ஒரு அலுமினியத் துண்டுகூட இல்லாமல் மொட்டையாக. எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அவர் முகம் வாடியதைப் பார்க்க எங்களுக்கே கஷ்டமாக இருந்தது. வாங்குவதற்கு முன்னால் ஒரு போன் செய்து கேளுங்கள், எங்களிடம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, சொல்கிறோம்.

சரி, பூட்டு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் பாருங்கள். பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், வோல்ட்டேஜோடு அதன் வர்க்கத்துக்கு (அதை அதனாலேயே பெருக்கிய அளவுக்கு) ஏறும். வேகம் 10 சதவீதம், வோல்ட்டேஜ் 10 சதவீதம் கூட்டினால் 1.1ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும்: 1.33. கிடைத்தது 10 சதவீத வேகம், கொடுத்தது 33 சதவீத மின்சாரம். 65 வாட் தின்றது 86 வாட் தின்னும், அத்தனையும் சூடாக வெளியே வரும். ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் 180 வாட்தான். வேறு பெரிதாக மாற்றலாம் என்றால், போர்டில் உள்ள மின்சாரப் பின்னும் கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் கனெக்டரும் பொருந்தாமல் போவதும் உண்டு. கூலர் ஒரு கைப்பிடி அளவு அலுமினியம், மேலே சின்ன ஃபேன். அதற்கு மேல் நம்ம திருச்சி வெயில். கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிராசசரை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. மே மாதம் மதியம் அறையே 37, 38 டிகிரியில் இருக்கும்போது, பெட்டி ஆரம்பிப்பதே அங்கிருந்துதான்.

வோல்ட்டேஜ் அதிகமானால் சில்லுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஓவர்க்ளாக் செய்யாதவர்களே சாட்சி. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல, நாள் போகப் போகத் தடுமாறி கேம் நடுவே நின்றன. தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் போனது காரணம் என்று 2024இல் இன்டெல்லே சொல்லி, மைக்ரோகோட் (பிராசசருக்குள் இருக்கும் சின்னப் புரோகிராம்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. அந்தத் திருத்தம் பயாஸ் அப்டேட்டில் வரும். உங்களிடம் அந்தத் தலைமுறை ஐ5, ஐ7, ஐ9 இருந்து இன்னும் அப்டேட் செய்யவில்லை என்றால் சிபியுவைக் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம், செய்து தருகிறோம். ஏற்கெனவே தேய்ந்த சில்லை அது மீட்காது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

டேலி கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அளவு மீறிய பிராசசர் உடனே நின்றுவிட்டால் நல்லது, தெரிந்துவிடும். சில சமயம் நிற்காது. எப்போதாவது ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு, கெட்டுப்போன ஃபைலை அப்படியே சேமித்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்த ஃபைல் திறக்காதபோதுதான் தெரியும். கணக்கு இருக்கும் மெஷினில் நாங்கள் ஓவர்க்ளாக் செய்யவே மாட்டோம், எவ்வளவு கேட்டாலும்.

அப்படியானால் ஸ்லோவான சிஸ்டத்துக்கு என்னதான் வழி? ஏப்ரலில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் ஓவர்க்ளாக் கேட்டு வந்தார். அதே ஐ5-12400, வாங்கி மூன்று வருடம். அவர் ஃபைலையே ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முதல் ஒரு நிமிடம் 4 கிகாஹெர்ட்ஸ். அப்புறம் சூடு 100 டிகிரியைத் தொட்டது, வேகம் படிப்படியாக இறங்கி 2.9இல் நின்றது. 100 டிகிரிதான் அந்தச் சில்லின் எல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைக்கிறது. கூலரைக் கழற்றினால் துடுப்புகளுக்கு நடுவே தூசி, தலையணைப் பஞ்சு மாதிரி ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தது. பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவே தடவும் பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பாய் உதிர்ந்தது. ப்ளோயர் போட்டு, பழைய பேஸ்டைத் துடைத்து, புதிதாக வைத்து, மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்திருந்த கேபினட்டை ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னோம். மறுபடி ரெண்டர் போட்டபோது கடைசி வரை 3.8க்குக் கீழே இறங்கவில்லை. 52 நிமிட வேலை 41 நிமிடத்தில் முடிந்தது. காசு கொடுத்து வாங்கிய வேகம்தான், இத்தனை நாளாக அவருக்கு வந்து சேரவில்லை.

நீங்களே வீட்டில் பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வேலையில் மெதுவாகிறதோ அதைச் செய்யுங்கள். சிபியு (அங்கே பிராசசருக்குத்தான் அந்தப் பெயர்) 12, 15 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100இல் நிற்கிறதா? பிராசசரை எவ்வளவு முடுக்கினாலும் பிரயோசனமில்லை, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட வேண்டும். ராம் நிரம்பி வழிகிறதா? பிராண்டட் பெட்டிகளில் பெரும்பாலும் ஒற்றை ராம்தான் செருகியிருப்பார்கள். அதே அளவில் இன்னொன்று போட்டால் இடமும் கூடும், இரண்டு வழியாக டேட்டா போவதால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சிபியுவே 100இல் நின்று, வேகம் மட்டும் மேலே சொன்ன தம்பியுடையது மாதிரி சரிகிறதென்றால், அது தூசியும் பேஸ்டும்.

ஓவர்க்ளாக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளை நாங்கள் தடுக்கவில்லை. அதற்கென்று அசெம்பிள் செய்த, பூட்டில்லாத சிஸ்டத்தைக் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மாலை கடை கொஞ்சம் ஓய்வாக இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதித்துக் காட்டுகிறோம். வாரண்டி போகக்கூடும் என்பதை மட்டும் வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

தூசி ஊதி பேஸ்ட் மாற்ற 400 ரூபாய், ஒரு மணி நேரம். காலையில் கொடுத்தால் மதியத்துக்குள் வாங்கிக்கொள்ளலாம். வரும் முன் முக்கியமான ஃபைல்களைப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். சிபியுவை மட்டும் கொண்டுவந்தால் போதும், மானிட்டரும் ஒயர்களும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை,
திருச்சி