பழைய லென்ஸ், புதிய கேமரா: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் இயங்கும் நம் புகைப்பட ஆர்வலர் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. போட்டியும் கண்காட்சியும் வழக்கம்போல் நடந்தன. நீங்கள் எல்லோரும் நேரில் பார்த்தவைதான். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தையும் உழைப்பையும் பெரிதும் எடுத்துக்கொண்டது, கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் லென்ஸ்களை, உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் மாட்டிப் படமெடுக்கும் வேலை. ஆகவே அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

பல காலம் ஸ்டூடியோ நடத்திய நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இந்த ஆண்டு காலமானார். அவருக்குச் சங்கத்தின் அஞ்சலி. அவர் வைத்திருந்த கேமராக்களையும் லென்ஸ்களையும் குடும்பத்தார் நம்மிடம் ஒப்படைத்தார்கள். ஸெனிட் கேமராவோடு ஒரு ஹீலியோஸ் 44-2 (58 எம்எம்), பென்டாக்ஸோடு ஒரு சூப்பர் டாகுமார் 50 எம்எம் எஃப் 1.4, கூடவே ஒரு 28 எம்எம் லென்ஸ். மூன்றுமே கேமராவில் திருகி மாட்டும் எம்42 மரை கொண்டவை. 42 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மில்லிமீட்டர் புரி இடைவெளி. இவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்க வேண்டாம், படமெடுக்கப் பயன்படுத்துவோம் என்று செயற்குழு முடிவு செய்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் வளையமான அடாப்டர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் பலரும் தடுமாறினார்கள். எம்42 லென்ஸ், ஃபிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். சோனி கேமராவின் இ மவுண்ட்டில், அதாவது லென்ஸ் மாட்டும் வாயில், சென்சாரிலிருந்து அந்தத் தூரம் 18 மில்லிமீட்டர்தான். மீதி 27.46 மில்லிமீட்டரை அடாப்டர் நிரப்புகிறது. கேனான் ஆர்எஃப் என்றால் 25.46, நிக்கான் இசட் என்றால் 29.46. மிரர்லெஸ் கேமராவில் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாததால்தான் இந்த இடம் நமக்குக் கிடைத்தது. அந்தக் கண்ணாடி உள்ள நிக்கானின் பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள், தங்கள் கேமராவிலும் மாட்டலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதில் தூரம் 46.5. லென்ஸைவிடக் கேமராவின் தூரமே கூடுதல் என்பதால், இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் தெளிவு வராது. உள்ளே திருத்த லென்ஸ் வைத்த அடாப்டர் கிடைக்கிறது, ஆனால் படத்தின் தரம் குறைந்துவிடும். அவர்கள் பூ, பூச்சி என்று கிட்டத்தில் எடுப்பதே நல்லது.

இணையத்தில் மலிவாக வாங்கிய அடாப்டர் ஒன்று நம்மைப் பாடாய்ப் படுத்தியது. வடவள்ளியில் ஓர் உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மருதமலையைக் குறிவைத்தோம். 28 எம்எம் லென்ஸை இன்ஃபினிட்டி வரை, அதாவது வெகு தொலைவுக்கான குறி வரை திருப்பியும் மலை மங்கலாகவே நின்றது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார், ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன் கூடுதல். இதெல்லாம் ஒரு அளவா என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: குவியத் தூரத்தின் (லென்ஸின் எம்எம் எண்ணின்) வர்க்கத்தை அந்தக் கூடுதலால் வகுத்தால், 58 எம்எம் லென்ஸ் சுமார் 34 மீட்டரோடு நின்றுவிடும், 28 எம்எம் எட்டு மீட்டரோடு. அவர் அந்த வளையத்தை லேத்தில் பிடித்து, முகத்தை மயிரிழை அளவு சீவிக் கொடுத்தார். இரண்டு முகங்களும் இணையாக இல்லாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும் என்பதால், நாலு இடத்தில் அளந்த பிறகே கையில் தந்தார். மறுநாள் காலையில் மலை துல்லியமாக வந்தது. பட்டறைகள் நிறைந்த ஊரில் இருப்பது இப்படியெல்லாம் கைகொடுக்கிறது. அவருக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி.

அடாப்டர் சற்று மெலிந்திருந்தால் கவலையில்லை. இன்ஃபினிட்டிக் குறிக்குச் சற்று முன்பே தெளிவு வந்துவிடும். குறியை நம்பாமல் திரையைப் பெரிதாக்கிப் பார்த்து நிறுத்தினால் போதும்.

புதிதாக வந்தவர்கள் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம், கேமரா கிளிக் ஆகவே இல்லையே என்பது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கு' என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். அப்புறம், உடலிலேயே அதிர்வுத் தடுப்பு இருக்கும் கேமராவில் குவியத் தூரத்தைக் கையால் பதிய வேண்டும். 58க்குப் பதில் 200 என்று கிடந்தால் தடுப்பதற்குப் பதிலாக நடுக்கத்தைக் கூட்டிவிடும். 28 எம்எம் லென்ஸில், ஒளி புகும் துளையை மாற்றும் அப்பர்ச்சர் வளையம் திரும்பியது, துளையின் இதழ்கள் அசையவில்லை. பின்னால் இருக்கும் சிறு ஊசியை அழுத்தும் விளிம்புள்ள அடாப்டர் மாட்டியதும் சரியாகிவிட்டது. டாகுமாரில் அதற்கென்றே தானியங்கி, மேனுவல் என்று ஒரு விசை உண்டு.

அந்த டாகுமார் வரும்போது தேநீர் நிறத்தில் இருந்தது. அதன் ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால் காலப்போக்கில் பழுப்பேறும். அடியில் அலுமினியத் தாள் விரித்து, புற ஊதா விளக்கின் கீழ் பல நாள் வைத்ததில் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: வழக்கமாகப் படமெடுப்பதில் அஞ்ச வேண்டியதில்லை. கண்ணாடியை உடைப்பதோ தேய்ப்பதோ மட்டும் கூடாது.

வேளாண்மைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்கு ஹீலியோஸை எடுத்துச் சென்றோம். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் கசியும் பின்னணி, ஆளை இரண்டு மீட்டரில் நிறுத்தி எஃப் 2இல் திறந்தால், பின்னணி முழுதும் முகத்தைச் சுற்றிச் சுழல்கிறது. பழைய ஃபிலிம் அளவுள்ள முழு ஃபிரேம் சென்சாரில்தான் இந்த அழகு முழுதாக வரும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் ஓரங்களை வெட்டிவிடுவதால் சுழற்சி பாதி போய்விடும். கல்யாண வீடியோ எடுக்கும் உறுப்பினர்களுக்கு அதன் இரண்டாவது வளையம் பிடித்துப்போனது. 'டிக் டிக்' என்று நிற்காமல் வழவழவென்று அப்பர்ச்சர் திறந்து மூடுகிறது.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். உறுப்பினர்கள் பரிசோதனைக்குக் கொண்டுவந்த லென்ஸ்களில் பூஞ்சை பிடித்தவை ஏராளம். செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்தால் உள்ளே நூல் நூலாகப் படர்ந்திருப்பது தெரியும். அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பிறகும் தடம் போகாது. தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைப்பதுதான் முதல் காரணம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் போதும். தயவுசெய்து இந்த வாரமே பீரோவைத் திறந்து பாருங்கள். வீட்டில் அப்பா, தாத்தா விட்டுச்சென்ற லென்ஸ் இருந்தால் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

வரும் ஆண்டுக்கு: சங்கத்தின் லென்ஸ்களுக்கு ஒரு உலர் அலமாரி வாங்கவும், நிக்கான் எஃப், மினோல்ட்டா, கேனான் எஃப்டி மவுண்ட்டுகளுக்கும் அடாப்டர்கள் சேர்த்து, உறுப்பினர்கள் ஒரு வாரம் இரவல் பெறும் ஏட்டைத் தொடங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். ஏட்டைப் பராமரிக்க முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

நன்றி.

செயலாளர்