இருவழிப் பகுப்பாய்வில் விடுபடும் இடைவினை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறிமுகப் புள்ளியியலில், இரு காரணிகளின் தாக்கத்தை ஒருசேரச் சோதிக்கும் இருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வைக் கற்பிக்கும்போது, நிரைகளுக்கும் நிரல்களுக்கும் வர்க்கக் கூடுதல் (விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை) கண்டு, வேறுபாடு தற்செயலானதா என்று சோதிக்க உதவும் எஃப் மதிப்பை அட்டவணையோடு ஒப்பிட்டதும் பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஒரு காரணியின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுகிறதா, அதாவது அவற்றிடையே இடைவினை உண்டா என்ற கேள்விக்கு அங்கே இடமே இருப்பதில்லை. ஆனால், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்திலிருந்து புள்ளியியலாளர் ஃபிஷரும் அவரது சக ஆய்வாளர் மெக்கென்சியும் 1923இல் வெளியிட்ட ஆய்வு, 12 உருளைக்கிழங்கு வகைகளும் உரத்துக்கு ஒரே மாதிரிப் பலன் தருகின்றனவா என்பதைத்தான் ஆராய்ந்தது. வேறுபாட்டுக்குப் போதிய சான்று இல்லை என்றே அவர்கள் முடிவு செய்தனர்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். முதல் வகை ஓர் உரத்தில் 20 மூட்டையும் மற்றோர் உரத்தில் 30 மூட்டையும் தருகிறது. இரண்டாம் வகையோ 30, 20 என்று நேர்மாறாகத் தருகிறது. எல்லாச் சராசரிகளும் 25தான். சராசரியை மட்டும் பார்ப்பவர், வகையோ உரமோ எதுவாயினும் ஒன்றுதான் என்று சொல்லிவிடுவார். அதை நம்பிப் பொருந்தாத உரத்தை இடும் விவசாயிக்கோ 10 மூட்டை நஷ்டம்.

நம் வினாத்தாள்களில் வழக்கமாக வருவதுபோல், ஒரு நிரையும் ஒரு நிரலும் சந்திக்கும் கட்டத்துக்கு ஓர் அளவீடு மட்டுமே இருந்தால், இந்த இடைவினை தற்செயல் பிழையோடு கலந்துவிடும். இரண்டையும் தனித்தனியே மதிப்பிட, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது இரண்டு அளவீடுகளாவது வேண்டும். எனவே, அத்தகைய தரவுகளைக் கொடுத்து, கணக்கிடும் முன் சராசரிகளை வரைபடமாக வரையச் சொல்லும் வினா ஒன்றையாவது தேர்வில் சேர்க்குமாறு பாடத்திட்டக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்